கம்ப்யூட்டர் புழுவும் ஒட்டுப் போட்ட கதையும்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. அன்று கிளம்பிய ஒரு கம்ப்யூட்டர் புழு, ஓரிரு நாளில் 150 நாடுகளைச் சுற்றி வந்துவிட்டது. இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் நோயாளியின் கேஸ் ஷீட்டைத் திறக்க முடியாமல் டாக்டர்கள் தவித்தார்கள். பின்னால் அந்த நாட்டுத் தணிக்கைத் துறை கணக்குப் பார்த்தபோது, ஏறத்தாழ 19,000 அப்பாயின்ட்மென்ட்டுகள் ரத்தாகியிருக்கும் என்று தெரிந்தது. நம் பக்கமும் தப்பவில்லை. ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்கள், கேரளாவில் பஞ்சாயத்து ஆபீஸ்கள், ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை என்று வரிசையாகச் செய்திகள் வந்தன. ஒரகடம் ஒன்றும் அயல்நாடு இல்லை. பூந்தமல்லியில் டிபன் முடித்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம்.

அந்தப் புழுவுக்கு வானாக்ரை என்று பெயர். உள்ளே நுழைந்து எல்லா ஃபைல்களையும் பூட்டிவிட்டு, 300 டாலர் கொடுத்தால் சாவி தருகிறேன் என்று திரையில் எழுதிக் காட்டும். இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு ஒரு விஷயம். புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே இலவசமாக வெளியிட்டிருந்தது. நோய் வருவதற்கு 59 நாள் முன்பாகவே மருந்து கடைக்கு வந்துவிட்டது. வாங்கிச் சாப்பிடத்தான் ஆள் இல்லை.

இது ஒருமுறை நடந்த கதையாக இருந்தால் எழுத வேண்டியதில்லை. 2003 ஜனவரி 25-இல் வந்த ஸ்லாமர் புழுவுக்கு ஆறு மாதம் முன்பே பேட்ச் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த பிளாஸ்டருக்கு 26 நாள் முன்பு. 2004-இல் சாஸருக்கு 17 நாள். 2008-இல் கான்ஃபிக்கருக்கு 29 நாள். விதிவிலக்கு உண்டு. 2010-இல் ஈரானின் அணு ஆலையைக் குறிவைத்து விடப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வெளியில் தெரிந்தபோது அதற்குப் பேட்ச் கிடையாது. ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து மூன்றாவது இடத்தில் அதிகம் பாதிக்கப்பட்டது நம் இந்தியாதான் என்று சிமாண்டெக் கம்பெனி கணக்குக் கொடுத்தது. ஆனால் உலகத்தையே கலக்கிய மற்றப் பெரிய புழுக்களில் பலவற்றுக்கும் மருந்து முந்தி வந்தது. நோய் பிந்தி வந்தது.

ஏன் அப்படி? ஜனங்களுக்கு அக்கறை இல்லை, சோம்பேறித்தனம் என்று சின்ன வயதுக்காரர்கள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆபீஸிலும், ஓய்வு பெற்ற பிறகு சின்னப் பட்டறைகளிலும் இந்தத் தொல்லையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பேட்ச் என்றால் ஜனங்கள் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது.

முதலில் பேட்ச் என்ற சொல்லைப் பார்ப்போம். கிழிந்த வேட்டிக்குப் போடுகிற ஒட்டுதான் அது. அந்தக் காலத்தில் புரோகிராம் என்பது அட்டையிலும் காகித நாடாவிலும் போட்ட துளைகள். தப்பான இடத்தில் துளை விழுந்துவிட்டால் அதன் மேல் காகிதத்தை ஒட்டி அடைப்பார்கள். அதிலிருந்து வந்த சொல். பஞ்ச் கார்டு அடுக்கைக் கையில் பிடித்து வேலை செய்தவர்கள் நம் வாசகர்களிலேயே சிலர் இருப்பார்கள்.

வைரஸுக்கும் புழுவுக்கும் வித்தியாசம் உண்டு. வைரஸுக்குச் சுமந்து போக ஒருவர் வேண்டும். ஃபிளாப்பியைக் கொண்டுபோய் இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டால்தான் அது பரவும். 1990-இல் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட ஜோஷி வைரஸ் அப்படிப்பட்டது. ஜனவரி 5-ஆம் தேதி கம்ப்யூட்டரைப் போட்டால், ஜோஷிக்குப் பிறந்த நாள் வாழ்த்தை டைப் செய்யச் சொல்லி அடம்பிடிக்கும். டைப் செய்தால் விட்டுவிடும். மூன்று பட்டனைச் சேர்த்து அமுக்கி ரீஸ்டார்ட் செய்தால் போகாது. அந்த அமுக்கலையும் அது பிடித்துவைத்துக்கொண்டு உயிரோடு இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு, எழுத முடியாதபடி ஓட்டை மூடிய சுத்தமான ஃபிளாப்பி ஒன்றைப் போட்டுத்தான் எழுப்ப வேண்டும். அந்த ஒரு ஃபிளாப்பியை ஆபீஸ் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்போம். சென்னையிலேயே கேசவர்த்தனன் 1991-இல் கே7 என்ற கம்பெனியைத் தொடங்கி ஆண்டிவைரஸ் எழுத ஆரம்பித்ததும் இந்த ஃபிளாப்பிக் காலத்தில்தான். பிற்பாடு ஜப்பானில் அவர்கள் சரக்குக்கு நல்ல பெயர் கிடைத்தது. நம்மூரில் பாதிப் பேருக்கு அது சென்னைக் கம்பெனி என்பதே தெரியாது.

புழு அப்படியில்லை. அதைச் சுமக்க ஆள் தேவையில்லை. ஒயர் இருந்தால் போதும், தானாக ஊர்ந்து அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகும். 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மாரிஸ் என்ற அமெரிக்க மாணவர் விட்ட புழுதான் முதலில் பேசப்பட்டது. அப்போது இணையத்தில் இருந்ததே 60,000 கம்ப்யூட்டர்தான். அதில் 6,000 படுத்துவிட்டன என்று கணக்கிட்டார்கள். ஆனால் நம்மைப் போன்றவர்கள் வீட்டு வாசலுக்குப் புழு வந்தது 2003-இல்.

அந்த ஆண்டு ஜனவரியில் வந்த ஸ்லாமர் மொத்தமே 376 பைட்டுதான். இந்தப் பத்தியின் அளவுகூட வராது. ஆரம்பத்தில் எட்டரை வினாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பத்தே நிமிடத்தில் உலகத்தில் பிடிக்கக் கூடிய சர்வர்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கியின் 13,000 ஏ.டி.எம். பணம் கொடுக்கவில்லை. அது டிஸ்க்கில் எழுதுவதே இல்லை, மெமரியில் மட்டும் வாழும். அணைத்துப் போட்டால் செத்துவிடும். ஆனால் மறுபடி ஒயரைச் செருகிய சில நிமிடத்தில் வெளியிலிருந்து திரும்ப வந்துவிடும். பேட்ச் போட்டவர்கள் மட்டும் தப்பித்தார்கள். ஆறு மாதம் முன்பே வந்த அந்தப் பேட்சை எத்தனை பேர் போட்டிருந்தார்கள்? போடுவதே ஒரு வேலை. இன்றுபோல ஒரு பட்டனை அமுக்கினால் முடியாது. ஃபைல்களைக் கையாலேயே எடுத்து அந்தந்த இடத்தில் வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்குள்ளேயே சில சர்வர்களுக்குப் பேட்ச் போடாமல் விட்டிருந்து, அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். மருந்து தயாரித்த வைத்தியர் வீட்டிலேயே மருந்து சாப்பிடவில்லை என்றால் ஊரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

ஆகஸ்ட் 11-ஆம் தேதி பிளாஸ்டர் வந்தது. இதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். விண்டோஸ் எக்ஸ்.பி. போட்ட கம்ப்யூட்டரை நெட்டில் சேர்த்ததும் ஒரு சின்னப் பெட்டி எழும்பும். இன்னும் 60 வினாடியில் கம்ப்யூட்டர் அணையும் என்று 59, 58, 57 என எண்ணிக்கொண்டே வரும். டிரங்க் ரோட்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர்களில் அந்த வாரம் பாதித் திரைகளில் இந்தப் பெட்டிதான். கல்லூரி ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகள் 60 வினாடிக்குள் நம்பரை அடித்துப் பார்த்துவிடப் போட்டி போட்டார்கள்.

இதில் உள்ள சங்கடத்தைப் பாருங்கள். பேட்ச் இருப்பது நெட்டில். நெட்டில் சேர்ந்தால் புழு. டயல்-அப் மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி லைன் பிடித்து, மைக்ரோசாஃப்ட் பக்கம் திறப்பதற்குள் 60 வினாடி முடிந்துவிடும். ரன் பெட்டியில் ஷட்டவுன் என்று அடித்து ஒரு கோடும் ஏ எழுத்தும் போட்டால் எண்ணுவது நிற்கும் என்று ஒரு வைத்தியம் ஊர் முழுக்கப் பரவியது. காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு சான்ஸ் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. பேட்ச் இல்லாத கம்ப்யூட்டரை நெட்டில் வெறுமனே சேர்த்தால், சராசரியாக 20 நிமிடத்தில் ஏதாவது ஒன்று பிடித்துவிடும் என்றது அந்தக் கணக்கு. அதே ஆகஸ்டில் வந்த எக்ஸ்.பி.யின் இரண்டாவது சர்வீஸ் பேக் முழுதாக 266 எம்.பி. நம் டயல்-அப்பில் அதை இறக்க, லைன் கட்டாகாமல் இருந்தால், பதினைந்து மணி நேரம் ஆகும். டெலிபோன் மீட்டர் ஓடுவது தனி. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இனாமாக வந்த சி.டி.தான் பலருக்குக் கைகொடுத்தது. ஒரு தெருவுக்கு ஒரு சி.டி. வாங்கினால் போதும், வீடு வீடாகப் போய்வரும்.

பிளாஸ்டர் வந்த ஒரு வாரத்தில் வெல்ச்சியா என்று இன்னொரு புழு கிளம்பியது. இதைப் போல ஒரு விசித்திரத்தை நான் பார்த்ததில்லை. அது உள்ளே வந்ததும் பிளாஸ்டரைக் கொன்றுவிடும். பிறகு மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய் பேட்சை இறக்கி, தானே போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யும். 2004 ஜனவரி 1 வந்ததும் தன்னையும் அழித்துக்கொள்ளும்படி அதில் எழுதியிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் செய்த தர்மம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அடுத்து யாரிடம் போகலாம் என்று அது தேடிய தேடலில் ஒயரெல்லாம் அடைத்துக்கொண்டது. ஏர் கனடாவின் செக்-இன் கவுன்டர்கள் நின்றன. அமெரிக்கக் கடற்படையின் நெட்வொர்க்கும் திணறியது. பல இடங்களில் பிளாஸ்டர் செய்த சேதத்தைவிட, அதை விரட்ட வந்தது செய்த சேதம் அதிகம். கேட்காமல் வீடு புகுந்து மருந்து ஊற்றினால் இப்படித்தான் ஆகும்.

இந்தக் களேபரத்துக்குப் பிறகுதான், 2003 அக்டோபரிலிருந்து, மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச் வெளியிடுவது என்ற ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அமெரிக்காவில் காலை என்றால் நமக்குச் செவ்வாய் இரவு பத்து, பதினொரு மணி. செவ்வாய் வெறுவாய் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை. நாள் நிச்சயமானதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தாலே கிழிசல் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். கெட்ட எண்ணம் உள்ளவர்கள் பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஓட்டையைக் கண்டுபிடித்துப் புழு எழுதுவார்கள். மருந்துக்குப் பின்னால் நோய் வந்த மர்மத்தில் பாதி இதுதான். பேட்ச் வெளியாகும் நாள், போடாதவர்களுக்கு அபாயம் தொடங்கும் நாளும்கூட.

அப்படியானால் வந்த அன்றே போட்டுவிட வேண்டியதுதானே என்றால், 2004 ஏப்ரலைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 13 அன்று 14 ஓட்டைகளை ஒரே தடவையில் அடைக்கும் ஒரு பெரிய பேட்ச் வந்தது. உடனே போட்டவர்களில் சிலருக்கு விண்டோஸ் 2000 கம்ப்யூட்டர் எழும்பவே இல்லை. சிலருக்கு லாகின் ஆகவில்லை. சிலருக்கு வேறு எந்த வேலையும் செய்ய விடாமல் மெஷின் மூச்சு வாங்கியது. மைக்ரோசாஃப்டே அதை ஒப்புக்கொண்டு குறிப்பு வெளியிட்டது. விஷயம் கேள்விப்பட்ட கம்ப்யூட்டர் அதிகாரிகள் என்ன செய்வார்கள்? கொஞ்சம் பொறுப்போம், மற்றவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம் என்று ஒத்திவைத்தார்கள். ஏப்ரல் 30 அன்று, அதே பேட்ச் அடைத்த ஓட்டை ஒன்றின் வழியாகச் சாஸர் வந்துவிட்டது. ஃபின்லாந்தில் ஒரு வங்கி தன் 130 கிளைகளை மூடியது. எழுதியவர் ஜெர்மனியில் 18 வயதுப் பையன். போட்டவர்களில் சிலர் பேட்சால் கெட்டார்கள், போடாதவர்கள் புழுவால் கெட்டார்கள். பொறுத்துப் பார்த்த அந்த அதிகாரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். சம்பளம் போடுகிற கம்ப்யூட்டரை மாதக் கடைசியில் பேட்ச் போட்டு நிறுத்திவிட்டு, தொழிற்சங்கத்துக்குப் பதில் சொல்வது யார்?

நம்மூருக்கென்று இன்னும் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று கரண்ட். 2008-க்குப் பிறகு நாலைந்து வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பேட்ச் ஏறிக்கொண்டிருக்கும்போது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று திரையில் எழுதியிருக்கும். அணைப்பது நாமா? யு.பி.எஸ். பேட்டரி வயதாகி ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. பாதியில் நின்ற பேட்ச், பாதித் தையலில் விட்ட வயிறு மாதிரி.

இரண்டாவது, வெளிப்படையாகச் சொன்னால், ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த விண்டோஸ். காசு கொடுத்து வாங்கியது அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். 2008-இல் எக்ஸ்.பி.க்கு ஒரு புது அப்டேட் வந்தது. அது போலி விண்டோஸைக் கண்டுபிடித்தால் திரையின் பின்னணியை மணிக்கு ஒருமுறை கறுப்பாக்கிவிடும். அக்டோபர் மாதம் சீனாவில் இதற்கு எதிராகப் பெரிய கூச்சலே எழுந்தது. நம் ஊர்க் கடைக்காரர்கள் சத்தம் போடவில்லை. ஆட்டோமேட்டிக் அப்டேட்டை நிறுத்திக் கொடுத்துவிட்டார்கள். உண்மையில் பாதுகாப்புப் பேட்சுகளைப் போலி விண்டோஸுக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது மைக்ரோசாஃப்ட். ஆனால் மருந்து வருகிற வாசல் வழியாகத்தான் போலீஸும் வரும் என்றால் யார் கதவைத் திறந்து வைப்பார்கள்? அதே அக்டோபர் 23 அன்று, மாதச் செவ்வாய்க்குக் காத்திராமல் அவசரமாக ஒரு பேட்ச் வந்தது. மூடிய கதவுகளுக்குப் பின்னால் அதைப் போட்டவர்கள் கொஞ்சம் பேர். நவம்பர் 21-இல் கான்ஃபிக்கர் கிளம்பியது.

நான் பார்த்த புழுக்களிலேயே பிடிவாதமானது இதுதான். நெட் ஒயர் வழியாக வரும். அது அடைத்திருந்தால் பென் டிரைவில் ஏறி வரும். பென் டிரைவைச் செருகினால் எழும்புகிற பெட்டியில், ஃபோல்டரைத் திற என்பதுபோல மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு ஒரு வரி இருக்கும். அதை அமுக்கினால் திறப்பது ஃபோல்டர் அல்ல, புழு. அதுவும் முடியாவிட்டால் பாஸ்வேர்டை ஊகித்து வரும். 123456, அட்மின் என்று ஜனங்கள் வழக்கமாக வைக்கிற இருநூறுக்கு மேற்பட்ட பாஸ்வேர்டுகளின் பட்டியலைக் கையோடு வைத்திருந்தது. உள்ளே வந்ததும் தான் நுழைந்த ஓட்டையைத் தானே அடைத்துவிடும், வேறு புழு வந்துவிடக் கூடாது என்று! ஆண்டிவைரஸ் கம்பெனிகளின் தளங்களையும் மைக்ரோசாஃப்ட் தளத்தையும் திறக்கவிடாது. மற்ற எல்லாத் தளமும் திறக்கும். இதையே வைத்து ஜோ ஸ்டூவர்ட் என்ற நிபுணர் ஒரு சோதனை செய்தார். ஒரு பக்கத்தில் ஆறு படங்கள். சில, புழு தடுக்கும் தளங்களிலிருந்து வருபவை. எந்தப் படம் தெரிகிறது, எது தெரியவில்லை என்று சொன்னால் நோய் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைக் காட்டுவதுபோல என்பதால் அதற்குக் கண் பரிசோதனை அட்டை என்றே பெயர்.

2009-இல், நான் ஓய்வு பெற்ற பின், திருமழிசைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்கு வாரம் மூன்று நாள் கணக்குப் பார்க்கப் போய்வந்தேன். பத்து கம்ப்யூட்டர். ஒன்றில் கான்ஃபிக்கர் வந்தது. சர்வீஸ் பையன் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போவான். மறுநாள் காலை திரும்ப இருக்கும். இப்படியே மூன்று வாரம். ஒவ்வொரு விசிட்டுக்கும் பில். முதலாளிக்குக் கோபம், பையன் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறான் என்று. பேட்ச் போடலாமா என்று கேட்டால், "வேணாம் சார், போன வருஷம் ஏதோ அப்டேட்டுன்னு போட்டு நாலு நாள் பில் பிரிண்ட் வரலை. பார்ட்டிங்க லாரியோட வாசல்ல நிக்கறாங்க, நான் கையால எழுதிக் கொடுத்தேன்" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

கடைசியில் வேறு ஒரு பையன் வந்தான். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. முதலில் எல்லா ஒயர்களும் சேருகிற சுவிட்ச் பெட்டி எங்கே என்று கேட்டான். "சார், ஞாயித்துக்கிழமை வர்றேன். எல்லாரோட பென் டிரைவும் ஒரு டப்பால போட்டு வைங்க. வீட்டுக்குக் கொண்டு போனதையும்தான்" என்றான். ஞாயிறு காலை வந்து பத்து ஒயரையும் பிடுங்கினான். பிடுங்கியது பிடுங்கியபடியே சாயங்காலம் வரை இருந்தது. ஒரு கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தபின் ஒயரில் விட்டால் பக்கத்து மெஷின் திரும்ப ஒட்டவைத்துவிடும். முன்னால் வந்தவனின் மூன்று வார உழைப்பு போனது அங்கேதான். சுத்தம் செய்யும் கருவியையும் பேட்சையும் பென் டிரைவில் கொண்டுவராமல் சி.டி.யில் எழுதிக் கொண்டுவந்திருந்தான். சி.டி.யில் புழு தன்னை எழுதிக்கொள்ள முடியாது. ஜோஷி காலத்து மூடிய ஃபிளாப்பியின் பேரன் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் சிஸ்டம் ரீஸ்டோர் என்பதை நிறுத்தினான். விண்டோஸ் தன் பழைய நகல்களை ஒளித்துவைக்கும் பரண் அது. புழுவின் நகலும் அங்கே போய்விடும். பிறகு சுத்தம், பிறகு பேட்ச், பிறகு பாஸ்வேர்டு மாற்றம், பென் டிரைவ் தானாக ஓடுவதை நிறுத்துவது. பேட்சை முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, முதலாளியைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒரு பில் அடிச்சுப் பாருங்க" என்றான். பிரிண்ட் வந்தது. அதன் பிறகுதான் மற்ற ஒன்பது. ராத்திரி எட்டு மணிக்கு ஒயர்களைச் செருகினோம். திங்கட்கிழமை புழு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

பென் டிரைவ் தானாக ஓடும் விஷயத்தில் ஒரு சிறு வேடிக்கை உண்டு. அதை நிறுத்த மைக்ரோசாஃப்ட் எழுதிக் கொடுத்திருந்த வழியே சரியாக வேலை செய்யவில்லை என்று 2009 ஜனவரியில் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விட்டது. பிறகு அதற்கும் ஒரு பேட்ச். எல்லாருக்கும் தானாகவே போய்ச் சேரும்படி அதை அனுப்பியது 2011 பிப்ரவரியில்தான். அதற்குள் நம்மூர் ஜெராக்ஸ் கடைகளெல்லாம் ஆஸ்பத்திரி வார்டு போல ஆகியிருந்தன.

2010 பிப்ரவரியில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அந்த மாதப் பேட்சைப் போட்ட எக்ஸ்.பி. கம்ப்யூட்டர்கள் பல நீலத் திரையில் நின்றுவிட்டன. பேட்ச் மோசம் என்று உலகமே திட்டியது. தோண்டிப் பார்த்தால், படுத்த மெஷின்களில் அலூரியன் என்ற வேறொரு கள்ளச் சரக்கு ஏற்கெனவே ஒளிந்திருந்தது. பேட்ச் விண்டோஸின் அடித்தளத்தைக் கொஞ்சம் நகர்த்தியதும், பழைய இடத்தையே நம்பி உட்கார்ந்திருந்த அலூரியன் தடுமாறி வீட்டையும் சேர்த்துச் சாய்த்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் பேட்சை நிறுத்தி, மெஷினில் கோளாறு உண்டா என்று முதலில் சோதித்துவிட்டுப் போடும்படி மாற்றி அனுப்பப் பல நாள் ஆயிற்று. அலூரியனை எழுதிய திருடர்கள் அதற்கு முன்பே தங்கள் சரக்கைத் திருத்தி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மெக்காஃபி ஆண்டிவைரஸ், விண்டோஸின் சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று பிடித்துப் பூட்டி, எக்ஸ்.பி. மெஷின்களைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக வைத்தது.

ஆக, 2017 மார்ச்சில் வானாக்ரைக்கான பேட்ச் வந்தபோது, பதினைந்து வருஷ அனுபவம் ஜனங்கள் பின்னால் நின்றது. எக்ஸ்.பி. போன்ற கிழ மெஷின்களால்தான் வந்தது என்று அன்று எல்லாரும் எழுதினார்கள். கணக்கெடுத்தால் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்குப் பேட்ச் இருந்தது, போடவில்லை, அவ்வளவுதான். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இங்கிலாந்துப் பையன், புழு தேடிக்கொண்டிருந்த ஒரு விலாசத்தைப் பத்துச் சொச்சம் டாலருக்குப் பதிவு செய்ததும் அது பரவுவது நின்றது. இல்லையென்றால் திங்கட்கிழமை ஆபீஸ்கள் திறந்தபோது கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அதற்கு நேர்மாறானதை 2024 ஜூலை 19 அன்று பார்த்தோம். புழு இல்லை, திருடன் இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு சின்ன அப்டேட், 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையில் உட்கார வைத்தது. இண்டிகோ 200 விமானங்கள் வரை ரத்து செய்தது. மீனம்பாக்கத்தில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்யும் வழி எளிதுதான்: சேஃப் மோடில் எழுப்பி ஒரே ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மெஷினுக்கும் ஆள் நேரில் போய் உட்கார வேண்டும். தானாக வந்த அப்டேட்டை ஒப்புக்கொண்டு, ஒரு நாள்கூட ஒத்திப்போடாமல் ஒழுங்காக ஏற்றியவர்கள்தான் அன்று படுத்தவர்கள்.

இதை எழுதும் என் மேசை மேல் இருப்பது விண்டோஸ் 10. அதற்கு இலவசமாகப் பேட்ச் கொடுப்பதை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. பெயரைப் பதிவு செய்தால் வீட்டு உபயோகக்காரர்களுக்கு இன்னும் ஓர் ஆண்டு கிடைக்கும் என்றார்கள். நம் வாசகர்களில் பலரும் பென்ஷன் பார்ப்பதும், பேத்தியோடு பேசுவதும் இதே மாதிரிக் கிழ மெஷின்களில்தான். நண்பர்கள் போன் செய்து, அப்டேட் வா வா என்று கூப்பிடுகிறதே, போடலாமா என்று கேட்கிறார்கள். போடுங்கள் என்கிறேன். அதற்கு முன் பேரன் போட்டோக்களையும் பாங்க் காகிதங்களையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துவிடுங்கள். கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து, பில் கட்ட வேண்டிய கடைசி நாளாக இல்லாமல் பார்த்து ஆரம்பியுங்கள். வீட்டில் இரண்டு மெஷின் இருந்தால் முதலில் ஒன்று. பிரிண்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றது.